லீனியர் சுவிட்ச்: வாங்கும் முன், கிரீஸ் பூசும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் அடியில் இருக்கும் சுவிட்சை விரலால் அழுத்திப் பார்த்து வாங்குவது கஷ்டம், ஆன்லைன்தான் கதி. அதனால் முழு செட் ஆர்டர் போடுவதற்கு முன் வகைக்கு ஒன்றிரண்டு மட்டும் வரவழைத்துப் பாருங்கள். லீனியர் என்றால் நடுவில் தடங்கலோ கிளிக் சத்தமோ இல்லாமல் ஒரே சீராக இறங்கும் வகை. அதில் செர்ரி எம்எக்ஸ் ரெட் சுமார் 45 கிராம் அழுத்தத்தில் பதியும், பிளாக் 60 கேட்கும். விரலைக் கீமேல் சாய்த்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ரெட் சரிப்படாது, கேட்காமலே எழுத்து விழும். சுவிட்சைச் செருகும் உங்கள் சர்க்யூட் போர்டு மூன்று முள் வகையா? ஐந்து முள் சுவிட்சின் ஓரத்து இரண்டு பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் நறுக்கிவிட்டால் அதிலும் உட்கார்ந்துவிடும்.

கிரீஸ்தான் முக்கியம். லீனியருக்கு கிரைடாக்ஸ் 205ஜி0 போதும். சுவிட்சைத் திறந்து, கிரீஸைச் சின்னத் தூரிகையில் தொட்டு, டப்பா விளிம்பில் நன்றாக வழித்துவிட்டு, ஸ்டெம்மின் (மேலும் கீழும் நகரும் தண்டு) பக்கங்களிலும் சுவிட்சின் அடிப்பகுதியில் அது உரசும் தடங்களிலும் தடவுங்கள். ஈர மினுமினுப்பு தெரிந்தால் சரி. வெள்ளையாகத் தேங்கினால் அதிகம், கீ மந்தமாக எழும்பும். செம்புத் தகடு தொட்டுக்கொள்ளும் இடத்தில் மட்டும் வேண்டாம். தையல் மிஷின் எண்ணெய் வீட்டில் இருக்கிறதே என்று ஊற்றாதீர்கள், பெட்ரோலிய எண்ணெய் சில பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

ஸ்பிரிங்குகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கிரைடாக்ஸ் 105 சில சொட்டு விட்டுக் குலுக்கினால் கிணுகிணுப்பு அடங்கும்.

அப்புறம் ஃபிலிம், அதாவது சுவிட்சின் மூடிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே வைக்கும் மெல்லிய தகடு. மூடியை ஆட்டிப் பார்த்து, ஆடினால் மட்டும் போடுங்கள். இறுக்கமான சுவிட்சுக்கு அது வீண் செலவு, மூடியும் சரியாகப் பூட்டாது. போடும்போது காற்றாடியை அணைத்துவிடுங்கள், பறந்துவிடும்.