பழைய சுங்குடியும் பழைய சுவரும்: வீட்டிலேயே சட்டம் போட்டு மாட்டுவது எப்படி

அம்மாவின் மதுரைச் சுங்குடி, புள்ளி போட்ட பருத்திச் சேலை ஒன்று பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. அரக்குச் சிவப்பு. முந்தி நைந்து, நடுவில் இரண்டு கிழிசல். இனி கட்ட முடியாது, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. நல்லதாக ஒரு துண்டை வெட்டி மரச் சட்டமும் கண்ணாடியும் போட்டுக் கூடத்தில் மாட்டலாம் என்று தோன்றியது. கடையில் விசாரித்தால் 1,100 ரூபாய் என்றார்கள். நானே செய்ததில் 450 ஆனது. அதில் 120 ரூபாய் தப்பாக வெட்டி வாங்கிய கண்ணாடிக்கு. நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாவிட்டால் 330தான்.

துணிக்குச் சொல்வதெல்லாம் ஓவியத்துக்கும் போட்டோவுக்கும் அப்படியே பொருந்தும்.

சட்டம்

புதுச் சட்டம் வாங்காதீர்கள். பழைய சாமான் கடைகளில் மங்கிப்போன சாமி படங்களும் யாரோ வீட்டுக் கல்யாண போட்டோக்களும் சட்டத்தோடு கிடக்கும். அந்தக் காலத்து மரச் சட்டம் இன்றைய பிளாஸ்டிக் சட்டத்தைவிட எவ்வளவோ மேல். எனக்கு 80 ரூபாய்க்கு ஒரு தேக்கு மாதிரியான சட்டம் கிடைத்தது. தேக்கு என்று கடைக்காரர் சத்தியம் செய்தார், நான் நம்பவில்லை, ஆனால் கனமாக இருந்தது.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். பின்பக்கம் ஊசித் துளை மாதிரி ஓட்டைகளும் மாவு மாதிரித் தூளும் இருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது, வேண்டாம். மூலைகளைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அப்புறம் மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடியுங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வரவில்லை என்றால் சட்டம் கோணல். நேர்க் கண்ணாடி அதில் உட்காராது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒரு கை வார்னிஷ். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

கண்ணாடி அளவு

என் 120 ரூபாய் போன இடம் இது. சட்டத்தின் முன்பக்கம் தெரியும் திறப்பை அளந்துகொண்டு கடைக்குப் போய்விட்டேன். கண்ணாடி உட்கார வேண்டியது பின்பக்கம், உள்விளிம்பில் வெட்டியிருக்கும் பள்ளமான காடியில். அது முன் திறப்பைவிடச் சுற்றிலும் கால் அங்குலம் பெரியது. நான் வாங்கி வந்த கண்ணாடி சட்டத்துக்குள் நுழைந்து, முன்பக்கம் வழியாகவே வெளியே வரப் பார்த்தது.

ஆக, பின்பக்கம் திருப்பி, காடிக்குள் அளவெடுங்கள். நீளத்திலும் அகலத்திலும் ஒரு நூல் குறைத்துச் சொல்லுங்கள். நூல் என்றால் அரைக்கால் அங்குலம், கண்ணாடிக் கடையிலும் தச்சரிடமும் இந்தக் கணக்குத்தான் ஓடும். இரண்டாம் முறை போனபோது கடைக்காரர், "சட்டத்தையே கையோட கொண்டாந்திருக்கலாம்ல தம்பி" என்றார். அதுதான் சரியான வழி. சட்டத்தைத் தூக்கிக்கொண்டே போங்கள்.

என் காடி 14க்கு 18 அங்குலம். 3 மி.மீ. கண்ணாடி போதும். 4 மி.மீ. எடுக்கச் சொல்வார்கள், வேண்டாம். 3 மி.மீ. கண்ணாடியே ஒரு சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 700 கிராம் வரும். இந்த அளவுக்கு 1.2 கிலோ. 4 மி.மீ. என்றால் 1.6 கிலோவைத் தாண்டும். அந்தக் கனத்தைத் தாங்கப்போவது உங்கள் சுவர், அதன் கதையைக் கீழே சொல்கிறேன். அக்ரிலிக் எடை குறைவுதான், ஆனால் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும், தூசியையும் இழுக்கும். நம் ஊர்த் தூசிக்கு அது ஆகாது.

மவுண்ட்

மவுண்ட் என்பது படத்தைச் சுற்றி ஜன்னல் மாதிரி வெட்டிய அட்டை. அழகுக்காக என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதைவிட முக்கியமான வேலை, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே சின்ன இடைவெளி விடுவது. பழைய போட்டோக்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பிய்க்க முடியாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடியின் உட்பக்கம் ஈரம் பூத்து, படம் அதில் ஒட்டிக்கொள்வதால் வரும் வினை அது.

என் கணக்கு இப்படி. வெளியளவு 14க்கு 18. ஜன்னல் 9க்கு 12. பக்கவாட்டில் இரண்டரை அங்குலம் சமமாக. மேலே இரண்டே முக்கால், கீழே மூன்றே கால். கீழே கொஞ்சம் கூட விட்டால்தான் படம் நடுவில் இருப்பது போலத் தெரியும். சரிபாதி விட்டால் கீழே சறுக்கிய மாதிரி கண்ணுக்குப் படும்.

ஸ்டீல் ஸ்கேலும் புதுப் பிளேடும் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். பிளாஸ்டிக் ஸ்கேலைப் பிளேடு சீவிக்கொண்டு போய்விடும். ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காமல், லேசாக நாலைந்து இழுப்பு. மூலையை ஒரு மயிரிழை தாண்டி வெட்டினால்தான் நடு அட்டை சுத்தமாக விழும். 45 பாகைச் சரிவெல்லாம் நமக்கு வேண்டாம், அதற்குத் தனிக் கருவி வேண்டும். நேராக வெட்டினாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

துணியை ஜன்னலைவிட எல்லாப் பக்கமும் முக்கால் அங்குலம் பெரிதாக, அதாவது பத்தரைக்குப் பதின்மூன்றரையாக வெட்டிக்கொண்டேன். பசை வேண்டவே வேண்டாம். பசை துணியில் ஊறி முன்பக்கம் திட்டுத் திட்டாகத் தெரியும். மைதா பசையானால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. மேல் விளிம்பை மட்டும் ஊசி நூலால் பின் அட்டையில் எட்டு இடத்தில் தைத்தேன், மற்ற பக்கங்களைத் தொங்க விட்டேன். துணி வெயிலுக்கும் மழைக்கும் சுருங்கும், விரியும். நாலு பக்கமும் இழுத்துக் கட்டினால் நடுவில் சுருக்கம் விழும். காகித ஓவியம் என்றாலும் இதே முறைதான், மேலே இரண்டு துண்டுக் காகித டேப், அவ்வளவே.

சுங்குடி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சுங்குடியில் புள்ளிகள் ஒன்றுபோல இருக்காது, முடிச்சு இருந்த இடம் லேசாகப் புடைத்திருக்கும். மெழுகு அச்சில் செய்ததில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு. முடிச்சுச் சுங்குடி உங்களிடம் இருந்தால் இஸ்திரி போட்டு அந்தப் புடைப்பை அமுக்கிவிடாதீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் பக்கவாட்டு வெளிச்சம் படும்போது அதுதான் அழகு.

பிறகு கண்ணாடி, மவுண்ட், துணி தைத்த அட்டை, கடைசியாகக் கனமான பின் அட்டை என்று அடுக்கி, சின்ன ஆணிகளைப் படுக்கை வசமாக அடித்து, சுற்றிலும் பிரவுன் டேப் ஒட்டிவிடுங்கள். டேப் ஒட்டாமல் விட்டால் பூச்சி நுழையும். ஆணி அடிப்பதற்கு முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். உள்ளே ஒரு தலைமுடி இல்லாமல் இருக்காது.

சுவர்

இதுவரை சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மாட்டுவதற்கு எனக்கு ஒன்பது நாள் ஆனது.

எங்கள் வீடு மதுரை மாசி வீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் பழைய வீடு. செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புக் காரை. முதலில் கான்கிரீட் ஆணி அடித்தேன். மூன்றாவது அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. திருமலை நாயக்கர் 1636ல் கட்டிய மஹாலில் சுண்ணாம்பு வேலை இன்னும் நிற்கிறது, எங்கள் வீட்டுச் சுண்ணாம்பு சுத்தியலைக் கண்டதுமே உதிர்கிறது.

சரி, டிரில் இரவல் வாங்கி 6 மி.மீ. பிட் போட்டு, ஒரு அங்குல ரால் பிளக் (திருகாணியை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழல்) செருகி, திருகாணி முடுக்கினேன். முடுக்கும்போது நன்றாகத்தான் பிடித்தது. சட்டத்தை மாட்டி இரண்டு அடி பின்னால் நகர்ந்து பார்ப்பதற்குள், பிளக் திருகாணியோடு மெதுவாக வெளியே வந்தது. கையில் பிடித்துவிட்டேன், கண்ணாடி பிழைத்தது. சுவரில் கிண்ணம் மாதிரி ஒரு குழி.

தெருக்கோடியில் கொத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "இம்புட்டு நேரமும் காரையிலதான் பிளக்க மாட்டியிருக்கீங்க தம்பி. செங்கல்லு இன்னும் உள்ளல்ல இருக்கு" என்றார். எங்கள் சுவரில் காரையே ஒன்றேகால் அங்குலக் கனம். நான் போட்ட ஒரு அங்குலப் பிளக் செங்கல்லைத் தொடவே இல்லை.

எதில் துளை போடுகிறோம் என்பதை டிரில்லிலிருந்து விழும் தூளே சொல்லும் என்பதையும் அவர்தான் காட்டினார். வெள்ளைத் தூள் என்றால் சுண்ணாம்புக் காரை. சாம்பல் என்றால் சிமெண்டுப் பூச்சு. சிவப்புத் தூள் வர ஆரம்பித்தால் செங்கல்லைத் தொட்டுவிட்டீர்கள். சிவப்பு வந்த பிறகு இன்னும் ஒரு அங்குலம் உள்ளே போக வேண்டும். சிவப்பு வராமல் வெள்ளையாகவே வந்துகொண்டிருந்தால் இரண்டு செங்கல்லுக்கு நடுவே இருக்கும் சாந்தில் போகிறீர்கள். அங்கே பிடிக்காது, ஒரு அங்குலம் மேலேயோ கீழேயோ தள்ளிப் போடுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். துளை போடும் இடத்தில் காகித டேப் ஒட்டி அதன் மேல் குறியுங்கள், காரை விளிம்பு உதிராது. கீழே ஒரு காகித உறையைத் திறந்து ஒட்டிவிட்டால் தூள் அதில் விழும், நிறமும் தெரியும். முதலில் டிரில்லில் சுத்தியல் மோடு (தட்டிக்கொண்டே துளைப்பது) போடாமல் மெதுவாகச் சுற்றவிட்டு, சிவப்பு வந்த பிறகு மட்டும் சுத்தியல் மோடுக்கு மாறுங்கள். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு. பிளக்கைத் திருகாணியின் நுனியில் வைத்துத் தட்டித் தட்டிக் காரையைத் தாண்டிச் செங்கல்லுக்குள் உட்கார வையுங்கள். இரண்டரை அங்குலத் திருகாணி. இரண்டு துளை போட்டு இரண்டு கொக்கியில் மாட்டினால் படம் சாயவே சாயாது, ஒரே ஆணியில் மாட்டினால் கதவைச் சாத்தும்போதெல்லாம் கோணும்.

சுவிட்சு போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதீர்கள். ஒயர் அந்த வழியாகத்தான் போகும். குளியலறையின் மறுபக்கச் சுவரும் வேண்டாம்.

என் கிண்ணக் குழியை அண்ணன் பழைய முறையில் சரிசெய்தார். குழியின் உட்பக்கத்தை வாயைவிட அகலமாகக் குடைந்து, தண்ணீர் தெளித்து, வெள்ளை சிமெண்டு குழைத்து அப்பி, காய்ந்த மரத்துண்டு ஒன்றை ஆப்பாக உள்ளே இறக்கி, மேலே பூசினார். நனைக்காமல் சிமெண்டு வைத்தால் பழைய சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சிவிடும், பிடிமானம் வராது. நாலு நாள் விட்டு அந்த மரத்தில் திருகாணி முடுக்கினேன். இன்று அந்த ஆப்புத்தான் வீட்டிலேயே பலமான இடம். கூலி கேட்டதற்கு டீ மட்டும் போதும் என்றார்.

உயரம்

நம் வீடுகளில் தாத்தா பாட்டி படங்களை உத்தரத்துக்குப் பக்கத்தில், முன்னால் சாய்த்து மாட்டியிருப்பார்கள். அவ்வளவு உயரத்தில் இருப்பதைக் கீழிருந்து பார்க்க அந்தச் சாய்வு வேண்டும். அழகுக்கு மாட்டும் படத்துக்கு அது ஒத்துவராது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருக்க வேண்டும் என்பது காட்சிக்கூடங்களில் வழக்கமான கணக்கு. அது நின்று பார்ப்பவர்களுக்கு. நாங்கள் பாய் விரித்துக் கீழே உட்காரும் ஆட்கள், 54 வைத்தேன்.

கொக்கியை எங்கே போடுவது என்பதில்தான் எல்லோரும் தவறுவார்கள். என் சட்டத்தின் வெளி உயரம் 20 அங்குலம், பாதி 10. நடு 54 என்றால் மேல் விளிம்பு 64ல் வரும். பின்னால் வளையங்கள் மேல் விளிம்பிலிருந்து 3 அங்குலம் கீழே இருக்கின்றன. ஆக, கொக்கி 61ல். கயிறு கட்டியிருந்தால் அதை விரலால் மேலே இழுத்துப் பிடித்து, அந்த நிலையில் அளவெடுங்கள்.

சரிமட்டம் பார்க்கப் போனில் இருக்கும் செயலி போதும் என்பார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை, போனின் பக்கவாட்டுப் பொத்தானே அதைச் சாய்த்துவிடுகிறது. சின்ன ரசமட்டம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆயுசுக்கும் உழைக்கும்.

மேற்குப் பார்த்த ஜன்னலின் வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள். சாயம் வெளுத்துவிடும், சாதாரணக் கண்ணாடி அதைத் தடுக்காது.

பிற்சேர்க்கை 1: திருமங்கலத்திலிருந்து எழுதிய ஒருவர், மழைக்காலத்தில் தன் படத்தின் பின் அட்டை பூசணம் பிடித்ததாகச் சொல்லியிருந்தார். சட்டம் சுவரோடு ஒட்டி இருந்திருக்கிறது. கீழ் மூலைகள் இரண்டிலும் பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய துண்டுகளை ஒட்டுங்கள். காற்று போக வழி கிடைக்கும்.

பிற்சேர்க்கை 2: வாடகை வீட்டில் ஆணியே அடிக்கக் கூடாது என்றால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒட்டும் கொக்கிகளை டிஸ்டம்பர் அடித்த சுவரில் நம்பாதீர்கள், பெயின்ட் பொருக்கோடு உரிந்து வரும். சட்டத்தை அலமாரி மேலேயோ ஜன்னல் திண்டிலோ சாய்த்து வையுங்கள். முன்னால் சறுக்காமல் இருக்க அடியில் அதே செருப்பு ரப்பர்.

பிற்சேர்க்கை 3: ரப்பர் ஒட்டிய இடைவெளியில் நேற்று தூசி தட்டப் படத்தைக் கழற்றினேன். பின்பக்கம் பல்லி முட்டை இரண்டு. இதற்கு எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. அம்மா அதைத் தொடவே விடவில்லை, பொரித்துப் போகட்டும் என்கிறார். படம் இப்போது கட்டிலுக்கு அடியில், முட்டையோடு.