மாரி மழையில் ஸ்மித்ஸ்: ஒரு வெள்ளிக்கிழமை மாலைக்கான செய்முறை

த ஸ்மித்ஸ் என்ற மன்செஸ்டர் ரொக் குழுவை எனக்குத் தந்தது ஒரு கசெட். 2002இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்த பிறகு லண்டனிலிருந்து வந்த மச்சாள், கொக்குவிலில் எங்கள் வீட்டில் பத்து நாள் நின்றாள். போகும்போது தன் வோக்மனையும் அதற்குள் கிடந்த கசெட்டையும் என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். எனக்கு அப்போது 15 வயது. ஆங்கிலம் பாதிதான் விளங்கியது, ஆனால் அந்தக் குரல் விளங்கியது. இப்போது நான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அந்தக் குழுவை இன்னொருவருக்குக் கொடுப்பது எப்படி என்பதை மட்டும் மெல்ல மெல்லத்தான் கற்றுக்கொண்டேன்.

பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒருவரும் கேட்பதில்லை. "கேட்டனான் அக்கா, நல்லாயிருக்கு" என்று பதில் வரும், அவ்வளவுதான். கூப்பிட்டு, இருத்தி, கூட இருந்து கேட்க வேண்டும். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம்கூடக் கரண்ட் இல்லாமல் இருந்தபோது எங்கள் விறாந்தையில் அப்படித்தான் தொடங்கியது. அன்றைக்கு நான் ஒரு பிழை விட்டேன். 'த குயின் இஸ் டெட்' தொகுப்பை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, பத்துப் பாட்டையும் நிறுத்தாமல் போட்டேன். நாலாவது பாட்டிலேயே ஆட்கள் தங்களுக்குள் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஐந்து பாட்டுக்கு மேல் வேண்டாம் என்பது அன்றைக்குப் படித்தது.

நாளைத் தெரிவதில் கவனம் வேண்டும். கார்த்திகை, மார்கழி மாரி நாட்கள்தான் என் தெரிவு. மன்செஸ்டர் மழைக்குப் பேர் போன ஊர். வெளியே ஈரமும் மங்கல் வெளிச்சமும் இருக்கிறபோது அந்த ஊர்ப் பாட்டுக்கு ஒரு துணை கிடைக்கிறது. ஆனால் தகரக் கூரையின் கீழ் இருக்காதீர்கள், மழைச் சத்தத்தில் பேஸ் கிட்டார் கேட்காது. குழுவின் அண்டி ரூர்க் வாசித்த பேஸை இழந்தால் பாதிப் பாட்டு போய்விடும். ஓட்டுக் கூரை, சீமெந்துத் தரை, பாய். பக்கத்துக் கோவிலில் திருவிழா இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிழமையில் வெள்ளி நல்லது. பாடகர் மொரிசி சைவம். 1985இல் வந்த இவர்களின் இரண்டாவது தொகுப்பின் தலைப்பே இறைச்சி தின்பது கொலை என்று சொல்கிறது. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை எப்படியும் மச்சம் இல்லை. பருத்தித்துறை வடையும் இஞ்சி போட்ட பிளேன்டீயும் போதும். மட்டன் ரோல்ஸ் வேறொரு நாளைக்கு இருக்கட்டும்.

பெரிய ஸ்பீக்கர் தேவையில்லை. தொண்ணூறுகளில் கரண்டும் பற்றரியும் இல்லாத காலத்தில் அண்ணா சைக்கிளைக் கவிட்டு வைத்துப் பெடலைச் சுற்றுவார், டைனமோவில் றேடியோ பாடும். சின்னச் சத்தம்தான், அதனால் எல்லாரும் நெருங்கி இருந்து கேட்டோம். அந்த நெருக்கம் இந்தப் பாட்டுகளுக்கும் வேண்டும். ஒரு சிறிய புளூடூத் ஸ்பீக்கரை நடுவில் வைத்துச் சுற்றி இருங்கள்.

தொடங்குமுன் இரண்டு நிமிடம் கதை சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம். 1982இல் 18 வயதுப் பையன் ஜோனி மார், தன்னைவிட நாலு வயது மூத்த மொரிசியின் வீட்டுக் கதவைத் தட்டிப் பாட்டு எழுதுவோமா என்று கேட்டான். ரூர்க் பேஸ், மைக் ஜோய்ஸ் ட்ரம்ஸ். 1984க்கும் 1987க்கும் இடையில் நாலு தொகுப்புகள், பிறகு மார் விலகினார், குழு முடிந்தது. இன்னொன்றையும் நான் விடாமல் சொல்வேன். இவர்கள் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அந்த இடத்தில் எங்கள் விறாந்தை எப்போதும் கொஞ்சம் அமைதியாகும். அங்கே இருக்கிற ஒவ்வொருவருக்கும் லண்டனிலோ டொரொன்டோவிலோ பிறந்த ஒரு மருமகன், ஒரு மச்சாள் இருக்கிறார்கள்.

பாட்டின் ஒழுங்குதான் முக்கியம். முதலில் 'ப்ளீஸ், ப்ளீஸ், ப்ளீஸ், லெட் மீ கெட் வட் ஐ வோன்ட்'. இரண்டு நிமிடம்கூட இல்லை, சலிக்க நேரமில்லை. ஒருமுறையாவது எனக்கு வேண்டியது கிடைக்கட்டும் என்ற ஒரே வேண்டுதல், கடைசியில் ஒரு மண்டலின். ஆங்கிலம் தெரியாத என் அம்மாகூட மண்டலின் வரும்போது தலையை நிமிர்த்தினார். அப்புறம் 1983இல் வந்த 'திஸ் சார்மிங் மேன்'. இதற்குச் சொல் விளக்கமே வேண்டாம், கிட்டாரை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். மார் நெடிய சோலோ வாசிக்கிறவர் அல்ல. நரம்புகளை ஒவ்வொன்றாக மீட்டி, பாட்டு முழுக்கப் பூத்தையல் மாதிரி நிரப்புகிறவர். கிட்டார் துள்ளும், குரல் வாடியிருக்கும். வெயிலும் மழையும் ஒன்றாய் அடிக்கையில் நரிக்குக் கலியாணம் என்போமே, அதுதான் இந்தக் குழு.

மூன்றாவது 'ஹவ் சூன் இஸ் நவ்'. ஏழு நிமிடத்துக்குக் கிட்ட வரும். தொடக்கத்தில் நடுங்குகிற கிட்டார் எப்படி வந்தது என்று சொன்னால் பையன்கள் நிமிர்ந்து இருப்பார்கள். பதிவு செய்த கிட்டாரைப் பல அம்ப்ளிஃபயர்களுக்குள் அனுப்பி, அவற்றின் நடுக்கம் தாளத்தோடு ஒத்துப்போகும்படி மாரும் தயாரிப்பாளர் ஜோன் போர்ட்டரும் கையால் திருகினார்கள். தாளம் தப்பினால் நிறுத்தித் திரும்பத் தொடங்கினார்கள். அப்படிச் செய்த பாட்டு 1984இல் ஒரு இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் முதலில் வந்தது. மேலே சொன்ன குட்டிப் பாட்டும் அதே பின்பக்கத்தில்தான். கதையை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்: கூச்சமுள்ள ஒருவர் ஆட்டம் நடக்கிற இடத்துக்குப் போய், தனியே நின்று, தனியே வீட்டுக்கு வருகிறார். வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம், நான் செய்து பார்த்தேன், பாட்டு பாடமாகிவிட்டது. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் அறை எடுத்துப் படிக்கிற வன்னித் தம்பி ஒருவன் அந்த ஒரு வரியைக் கேட்டதும், "அது நான்தான் அக்கா" என்றான்.

நாலாவது 'ஐ நோ இட்ஸ் ஓவர்'. அம்மாவை விளித்து, தன் தலைமேல் மண் விழுவதாய்ப் பாடுவது. அண்மையில் யாரையாவது இழந்தவர் கூட்டத்தில் இருந்தால் இதை விட்டுவிடுங்கள். நம் ஊரில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது வீட்டுக்காரரின் பொறுப்பு.

யாராவது ஒருவர் மொரிசியின் பிற்காலப் பேச்சைப் பற்றிக் கேட்பார். மறைக்காதீர்கள். குடியேறிகள் பற்றி அவர் சொன்ன சில கருத்துகள் பல ரசிகர்களை நோகடித்தன, என்னையும்தான். குடியேறிய வீட்டுப் பிள்ளை அப்படிப் பேசியது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் 15 வயதில் என்னோடு கூட இருந்தது அந்தப் பாட்டுகள், மார், ரூர்க், ஜோய்ஸ் மூவரின் வாசிப்பும் சேர்ந்து. அவற்றை நான் விடமாட்டேன். கேட்கிறவர் தன் முடிவைத் தானே எடுக்கட்டும்.

கடைசிப் பாட்டுக்கு முன்னர் காங்கேசன்துறை வீதியில் பஸ் பிடிக்க வேண்டியவர்களுக்கு நேரத்தைச் சொல்லிவிடுங்கள், இடையில் ஒருவரும் எழும்பக்கூடாது. பிறகு மின்குமிழை அணைத்துவிட்டு 'தெயர் இஸ் எ லைட் தட் நெவர் கோஸ் அவுட்'. இரவில் என்னை எங்காவது கூட்டிப் போ, வீட்டுக்கு மட்டும் வேண்டாம் என்று ஒருவர் மற்றவரைக் கேட்கிற பாட்டு. முடிவில் அந்த வெளிச்சம் அணையாது என்ற வரியே திரும்பத் திரும்ப வந்து மெல்லத் தேயும். தேய்ந்து முடியும் வரை கையை ஸ்பீக்கரிலிருந்து விலக்கியே வைத்திருங்கள். உடனே விளக்கைப் போடாதீர்கள், எப்படி இருந்தது என்றும் கேட்காதீர்கள். "அக்கா, அதை இன்னொருக்காப் போடுங்கோ" என்று யாராவது சொன்னால் போடுங்கள். பஸ்ஸைத் தவறவிட்டவரை அண்ணா மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய் விடுவார்.