கால் பிடித்துவிட ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும்

முதியோர் இல்லத்தில் இருக்கும் பெரியவர்களுக்குக் கால் பிடித்துவிடும்போது எண்ணெயை நேராகக் காலில் ஊற்றாதீர்கள். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயை உங்கள் உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையையும் நன்றாகத் தேய்த்து, அப்புறம் காலில் வையுங்கள். அந்தச் சூடே போதும். சர்க்கரை உள்ளவர்கள் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைவு, காய்ச்சிய எண்ணெய் சுட்டாலும் தெரியாது. எண்ணெயும் மிச்சம்.

முடிந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பழைய துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் எழுப்ப வேண்டும். காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடி டைல்ஸ் போட்ட தரை கண்ணுக்கு அழகு, எண்ணெய்க் காலுக்கு எமன்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் கையே வைக்காதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். புண் இருந்தாலும் வேண்டாம்.