வாளி இருந்தால் மட்டும் பரிசோதனை ஆகிவிடாது

மழலையர் வகுப்புகளில் அடிக்கடி பார்க்கும் பாடம் இது: தண்ணீர் வாளியில் எது மிதக்கும், எது மூழ்கும்? டீச்சர் கல்லைப் போடுவார், "கல் மூழ்கும்" என்பார். இலையைப் போடுவார், "இலை மிதக்கும்" என்பார். பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொல்வார்கள். போட்டோ வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். வாளியும் தண்ணீரும் இருந்தாலும் நடந்தது பழைய ஒப்பித்தல்தான்.

போடுவதற்கு முன்பே கேட்க வேண்டும். "இது என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" ஒவ்வொரு பிள்ளையும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டால், அப்புறம் பாருங்கள், ஒருவரும் வாளியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். குழப்புகிற பொருளாகவும் தேர்ந்தெடுங்கள். தோலோடு போட்ட ஆரஞ்சு மிதக்கும், உரித்துப் போட்டால் பெரும்பாலும் மூழ்கிவிடும். எவர்சில்வர் டம்ளரைக் காலியாக நிமிர்த்தி வைத்தால் மிதக்கும், தண்ணீர் நிறைந்தால் அடிக்குப் போகும். "கல்லுக்குத் தூக்கம் வருது, அதான் கீழே போய் படுத்துக்குச்சு" என்று ஒரு குழந்தை சொன்னால் உடனே திருத்த வேண்டாம். "சரி, இந்தச் சின்னக் கல்லுக்கும் தூக்கம் வருமா?" என்று கேளுங்கள். நான்கு வயதில் அடர்த்தி பற்றிய விளக்கம் தேவையில்லை, அடுத்ததைப் போட்டுப் பார்க்கும் ஆசை இருந்தால் போதும்.

கேட்டுவிட்டுக் காத்திருக்காதது இன்னொரு தவறு. 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மூன்று விநாடி மௌனம் வகுப்பில் ரொம்ப நீளமாகத் தெரியும், பழக வேண்டியதுதான்.

முதலிலேயே முழுதாகச் செய்து காட்டுவதும் ஆர்வத்தைக் குறைக்கும். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு விதமாக வேலை செய்யும் பொம்மை ஒன்றை மழலையர்களிடம் கொடுத்தார்கள். "இது இப்படித்தான் வேலை செய்யும்" என்று ஒன்றை மட்டும் கற்றுக்கொடுத்தபோது, பிள்ளைகள் பெரும்பாலும் அதையே செய்தார்கள். மற்ற மூன்றைத் தேடியது குறைவு. அதற்காக, பொருள்களைக் கொட்டிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வதும் சரியில்லை. பக்கத்தில் இருந்து பார்த்து, விளையாட்டு தேங்கும் இடத்தில் ஒரு புதுப் பொருளையோ கேள்வியையோ நுழைக்க வேண்டும். (மூன்று வயதுக்காரர்களிடம் புளியங்கொட்டை, பாசிமணி வேண்டாம். மூக்கில் போட்டுக்கொள்வார்கள்.)

கிராஃப்ட் வகுப்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம். டீச்சர் வரைந்து, டீச்சர் வெட்டி, பிள்ளைகள் பஞ்சு ஒட்டிய முப்பது ஒரே மாதிரி முயல்கள். சுவர் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது டீச்சரின் கைவேலை. பெற்றோருக்கு எதையாவது காட்டியாக வேண்டும் என்கிற நெருக்கடி புரிகிறது. அப்படியானால் கிறுக்கலையே ஒட்டுங்கள், கீழே குழந்தை அதைப் பற்றிச் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். "இது எங்க ஆயா, இப்ப கோவமா இருக்காங்க" என்ற வரி வீட்டுக்குப் போனால் யாரும் முயலைக் கேட்க மாட்டார்கள்.

அந்தப் படத்துக்கு ஸ்டார் ஸ்டிக்கர் தருவதாக முன்கூட்டியே சொல்லாதீர்கள். வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையர்களை வைத்து லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973-இல் ஆய்வு வெளியிட்டார்கள். சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பின்னர் தாங்களாக வரைந்த நேரம் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஸ்டிக்கருக்குப் பதில், "இந்த இடத்தில் ஏன் சிவப்பு போட்டே?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.