பழைய பேஜ்களை மொத்தமா தூக்கும்போது செய்யக்கூடாத தப்புகள்

போன வாரம் எங்க பெங்களூரு பெல்லந்தூர் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த தம்பி, திருநெல்வேலிக்காரர், "அக்கா, வெப்சைட்ல பழைய பேஜ் எல்லாம் எடுக்கிற வேலை முடிஞ்சுது, லைவ் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க"ன்னு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாரு. பாத்ததும் வயித்தைக் கலக்கிடுச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதுன அதே வரி, அதே இடத்துல. அவருக்கு உக்காந்து சொன்னதைத்தான் இங்கயும் எழுதுறேன். பேக்கப் எடுங்க, லிஸ்ட் போடுங்கங்கிறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுடுறேன்.

வயசைப் பாத்து அழிக்கிறது

"2016ல எழுதுனது, தூக்கிடலாம்"னு ஒரே ஃபில்டர்ல முடிவு பண்றாங்க. பழசா இருந்தாலே கூகுளுக்குப் பிடிக்காதுன்னு யாரு கிளப்பி விட்டாங்களோ தெரியல. 2023 ஆகஸ்ட்ல சிநெட்ங்கிற டெக் செய்தி சைட் ஆயிரக்கணக்குல பழைய கட்டுரைங்களை எடுத்த செய்தி வந்த சமயத்துலயே, கூகுளோட சர்ச் லைசன்ங்கிற ட்விட்டர் (எக்ஸ்) கணக்குல அப்படி ஒண்ணும் கிடையாதுன்னு தெளிவா சொல்லிட்டாங்க. எடுக்க வேண்டியது உபயோகம் முடிஞ்ச பேஜைத்தான்: முடிஞ்சுபோன விளம்பரம், நின்னுபோன ப்ராடக்ட், ஒரே விஷயத்தை நாலு இடத்துல சொன்ன பேஜ். அந்த நாலை நல்லதா ஒண்ணாக்கி மத்த மூணுலேர்ந்தும் அதுக்கு 301 (நிரந்தரமா வேற முகவரிக்குத் திருப்பி விடுற ரீடைரக்ட்) குடுத்தாலே போதும்.

மூணு மாசக் கணக்கு

கூகுளோட சர்ச் கன்சோல்ல (எந்தப் பேஜுக்கு சர்ச்லேர்ந்து எத்தனை க்ளிக் வந்துச்சுன்னு காட்டுற டூல்) 16 மாச டேட்டா இருக்கு, ஆனா எல்லாரும் கடைசி மூணு மாசத்தைப் பாத்துட்டு ஜீரோ க்ளிக்னு சிவப்பு அடிச்சிடுறாங்க. தீபாவளி, பொங்கலுக்கு முந்தின நாள் ராத்திரி மடிவாளாவுல ஊருக்குப் போற பஸ்ஸுக்கு நிக்கிற கூட்டத்தைப் பாத்திருந்தா இது புரியும், சேலம் பஸ் டைமிங் பேஜை ஜூலைல எத்தனை பேர் தேடுவாங்க? இன்னொண்ணு, அந்தக் கன்சோல் டேபிள்ல ஆயிரம் வரிதான் காட்டும். அதுல இல்லைங்கிறதுக்காக யாருமே வரலைன்னு அர்த்தம் இல்ல, பெரிய சைட்டுன்னா ஏபிஐ வழியா, அதாவது ப்ரோக்ராம் மூலமா, எடுங்க. வெளி சைட்லேர்ந்து நல்ல லிங்க் வர்ற பேஜா இருந்தா க்ளிக் இல்லாட்டியும் அழிக்காதீங்க.

ரோபோட்ஸ் ஃபைல்ல பூட்டு போடுறது

ரோபோட்ஸ் ஃபைல்ங்கிறது (robots.txt) சைட்ல எங்கெல்லாம் வரலாம், வரக்கூடாதுன்னு கூகுள் மாதிரி சர்ச் இன்ஜினுக்கு எழுதி வைக்கிற ஃபைல். தம்பி எழுதுன, நான் அப்போ எழுதுன அந்த வரி இதுலதான். இதைப் பத்திப் பேசுனா எனக்கு இன்னும் கோவம் வரும்.

அப்போ நான் ஒரு வீட்டு வாடகை சைட்ல இருந்தேன். வாடகைக்குப் போய் முடிஞ்ச வீடுங்களோட பேஜ் முப்பதாயிரத்துக்கு மேல 'ஓல்டு'ங்கிற ஃபோல்டர்ல கிடந்துச்சு. எல்லாத்துலயும் நோஇண்டெக்ஸ் டேக் (சர்ச் லிஸ்ட்ல, அதாவது இண்டெக்ஸ்ல, சேக்காதேன்னு சொல்ற குறிப்பு) போட்டேன், அது வரைக்கும் சரி. கூடவே, எதுக்கும் சேஃபா இருக்கட்டும்னு ரோபோட்ஸ் ஃபைல்ல அந்த ஃபோல்டருக்கு டிஸ்அலோவும் எழுதிட்டேன்.

டிஸ்அலோன்னா "உள்ளே வந்து படிக்காதே"ன்னுதான் அர்த்தம், "உன் லிஸ்ட்லேர்ந்து எடு"ன்னு இல்ல. நோஇண்டெக்ஸ் இருக்கிறது பேஜுக்குள்ள, உள்ளேயே விடலைன்னா கூகுள் அதை எப்படிப் படிக்கும்? வீட்டுக்கு ஆள் வந்தாச்சுன்னு ஒரு அட்டையை எழுதி ஹால்ல மாட்டிட்டு கேட்டைப் பூட்டிட்டுப் போன மாதிரி, தெருவுல வர்றவருக்கு வெளியே தொங்குற பழைய டூ-லெட் போர்டுதான் தெரியும். ரெண்டு மாசம் ஆகியும் அந்தப் பேஜ் எல்லாம் சர்ச்ல அப்படியே நின்னுச்சு, கீழ வர்ற விவரம் மட்டும் காணோம். ரோபோட்ஸ்ல தடுத்தும் இண்டெக்ஸ்ல இருக்குன்னு கன்சோல் சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு, நான் அதைத் திறந்தே பாக்கல.

இதைவிட மோசம் என்னன்னா, அந்த வரில 'ஓல்டு'க்கு அப்புறம் சாய்கோடு போடாம விட்டுட்டேன். ரோபோட்ஸ் ஃபைல் ஆரம்ப எழுத்தை வச்சுதான் பொருத்தும், அதனால அந்தச் சொல்லுல ஆரம்பிக்கிற எல்லா முகவரியும் பூட்டுல மாட்டிக்கும். பெங்களூருல வீடு தேடுறவங்களுக்கு ஓல்டு ஏர்போர்ட் ரோடும் ஓல்டு மெட்ராஸ் ரோடும் எவ்வளவு முக்கியம்! தொம்லூர், முருகேஷ்பாளையா, அல்சூர்னு அந்த ரோடுங்களை ஒட்டுன ஏரியா பேஜ் எல்லாம் அந்த ரெண்டு ரோட்டுப் பேருக்குக் கீழதான் இருந்துச்சு, சைட்டுக்கு நிறைய பேர் வர்றதே அதனாலதான். கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் சரிஞ்சுது. முருகேஷ்பாளையாவுல ஒரு தமிழ்க்கார அம்மா, பணம் கட்டி விளம்பரம் போட்டவங்க, "ஏம்மா, பதினஞ்சு நாளா ஒரு போன்கூட வரலியே, வீடு சும்மா கிடக்கு"ன்னு கேட்டாங்க. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. வரியை எடுத்த அப்புறமும் பழைய இடத்துக்கு வர வாரக்கணக்கா ஆச்சு, சில பேஜ் வரவே இல்ல.

சரியான வரிசை இதுதான். கதவைத் திறந்தே வையுங்க. பேஜ் மனுஷங்களுக்கு வேணும், சர்ச்ல மட்டும் வேண்டாம்னா நோஇண்டெக்ஸ். யாருக்குமே வேண்டாம்னா 404 இல்லைன்னா 410 (பேஜ் இல்ல, போயிடுச்சுன்னு சர்வர் சொல்ற பதில்), ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பிடிஎஃப்ல டேக் போட முடியாது, அதுக்கு சர்வர்லேர்ந்து எக்ஸ்-ரோபோட்ஸ்-டேக் ஹெடர் அனுப்பணும். எடுத்த முகவரிங்களை மட்டும் தற்காலிகமா ஒரு சைட்மேப்ல (கூகுளுக்குக் குடுக்கிற பேஜ் முகவரி லிஸ்ட்) குடுத்தா கூகுள் சீக்கிரம் வந்து பாத்துட்டுப் போகும். இண்டெக்ஸ் எண்ணிக்கை இறங்குறது வரைக்கும் ரோபோட்ஸ் ஃபைலைத் தொடாதீங்க. நோஇண்டெக்ஸையே ரோபோட்ஸ் ஃபைல்ல எழுதுறவங்க இன்னும் இருக்காங்க, 2019 செப்டம்பர் 1லேர்ந்து கூகுள் அதை ஏத்துக்கிறதே இல்ல.

எல்லாத்தையும் ஹோம் பேஜுக்குத் திருப்புறது

கூகுள் இதை சாஃப்ட் 404ன்னு, அதாவது பேஜே இல்லாத மாதிரி, எடுத்துக்கும், பழைய லிங்கோட பலன் வராது. குக்கர் கேஸ்கெட் தேடி வந்தவரை வாசல்ல கொண்டுபோய் நிறுத்துனா அவரும் போயிடுவாரு. நேரான மாத்துப் பேஜ் இருந்தா மட்டும் 301, அதையும் ஒரு வருஷமாவது எடுக்காம வையுங்க.

ரிமூவல் டூல்

சர்ச் கன்சோல்ல இருக்கிற இந்த டூல் பேஜை சர்ச்லேர்ந்து ஆறு மாசம்போல மறைக்கும், அழிக்காது.

ரீடைரக்டுக்கு மேல ரீடைரக்ட்

ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குன்னு சங்கிலியா திருப்பாம, பழசை நேரா கடைசி பேஜுக்கே திருப்புங்க.

உள்ளே இருக்கிற லிங்க்

பேஜ் போயிருக்கும், மெனுவும் ஃபுட்டரும் இன்னும் அதுக்கே கை காட்டிக்கிட்டு இருக்கும். பழைய சைட்மேப்பும் அப்படித்தான்.

ஒரே ராத்திரில மொத்தமும்

ஏதாவது சரிஞ்சா எதனால சரிஞ்சுதுன்னு கண்டுபிடிக்க முடியாது. நாங்க இப்போ ஐநூறு ஐநூறா எடுக்கிறோம், நடுவுல ரெண்டு வாரம் விட்டு சர்வர் லாகையும் (சைட்டுக்கு யார் வந்து எந்தப் பேஜைக் கேட்டாங்கங்கிற பதிவு) கன்சோலையும் பாக்கிறோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுக்கவே எடுக்காதீங்க, சனி ஞாயிறு பாக்க ஆள் இருக்காது.

தம்பி அந்த டிஸ்அலோ வரியை அப்பவே எடுத்துட்டாரு. மறுநாள் 16 மாச டேட்டாவை வச்சு லிஸ்ட்டை முதல்லேர்ந்து திரும்பப் போட்டப்போ, அழிக்க வச்சிருந்ததுல நாப்பத்தோரு பேஜ் ஸ்கூல் அட்மிஷன் சமயத்துல நல்லா ஓடுற பேஜ்னு அவரே கண்டுபிடிச்சுக் கொண்டுவந்தாரு. முதல் ஐநூறு வர்ற செவ்வாய்க்கிழமை போகுது.