தோலுரிக்கும் ஹார்மோன் மரபணுக்களை இயக்குவது எப்படி? வரைந்து பார்ப்போம்

மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குச் செம்பனை ஓலையை அரித்து, அதிலேயே பை கட்டித் தொங்கும் புழுவைத் தெரியாமல் இருக்காது. புழு தோலுரிக்க உத்தரவு கொடுப்பது எக்டைசோன் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன். ஆறாம் படிவ உயிரியல் படிப்பவர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு செல், அதற்குள் உட்கரு, அதற்குள் டிஎன்ஏவுக்கு ஒரு நீளக் கோடு. அந்தக் கோட்டின் மேல் ஒட்டிய இரண்டு வட்டங்கள்: ஒன்று எக்டைசோன் ஏற்பி, மற்றது அல்ட்ராஸ்பைரக்கிள் என்ற புரதம். ஹார்மோன் உள்ளே வந்து ஏற்பியைப் பிடித்ததும் இந்த ஜோடி வேலையைத் தொடங்கும்.

பல படங்கள் இங்கேயே ஓர் அம்புக்குறி போட்டு முடித்துவிடும். அது போதாது. அந்த ஜோடி நேரடியாகத் தூண்டுவது இ74, இ75, பிராட் போன்ற சில 'முன் மரபணு'க்களைத்தான். இவற்றிலிருந்து வரும் புரதங்களும் படியெடுத்தல் காரணிகளே, அதாவது மற்ற மரபணுக்களை இயக்கவோ அடக்கவோ செய்பவை. துரை மண்டோரிடம் சொல்ல, மண்டோர் ஆட்களைப் பிரித்து அனுப்புவதுபோல, இவை உட்கருவுக்குத் திரும்பிப் பல 'பின் மரபணு'க்களை எழுப்புகின்றன. தங்களைப் பிறப்பித்த முன் மரபணுக்களையும் அடக்குகின்றன. இரண்டு அம்புகளையும் வரையுங்கள்.

சரி, இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பழ ஈப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் குரோமோசோம்கள் மிகத் தடிமனாக இருக்கும். மரபணு இயங்கும் இடம் உப்பிக்கொள்வதை நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம். கேம்பிரிட்ஜில் மைக்கேல் ஆஷ்பர்னர் குழு இந்தச் சுரப்பிகளில் எக்டைசோனைச் சேர்த்தது. சில நிமிடங்களில் முன் மரபணுக்கள் இருக்கும் இடங்கள் உப்பின; இவை 'முன் வீக்கங்கள்'. பின் மரபணுக்களின் 'பின் வீக்கங்களுக்கு'ச் சில மணி நேரம் ஆனது. புரதம் உருவாவதைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடையும் சேர்த்தபோது முன் வீக்கங்கள் வந்தன, ஆனால் அடங்கவில்லை. பின் வீக்கங்கள் வரவே இல்லை. இடையில் ஒரு புரதம் தேவை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சோதனை எனக்கு வேறு தெரியாது. 1974இல் அவர்கள் வெளியிட்ட விளக்க மாதிரிப் படம்தான் நீங்கள் வரைந்திருப்பது.

கடைசியாக, ஏற்பியிலிருந்து பின் மரபணுவுக்கு ஒரு தடைக்குறி (அம்பு முனைக்குப் பதில் குறுக்குக் கோடு) போடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுவார்கள். சில மணி நேரம் கழித்து ஹார்மோனைக் கழுவி எடுத்தால், பின் வீக்கங்களில் பல வழக்கத்தைவிடச் சீக்கிரமே தோன்றுகின்றன. அப்படியென்றால் ஏற்பி அவற்றை அதுவரை அடக்கி வைத்திருக்கிறது.

அப்புறம், தாளைத் திருப்பி, இன்னொரு ஸ்டீராய்டு ஹார்மோனான ஈஸ்ட்ரோஜெனுக்கும் இதே படத்தை வரையுங்கள். மார்பகப் புற்றுச் செல்களில் அது சீக்கிரமே தூண்டும் மரபணுக்களில் ஒன்று சி-மிக். அதன் புரதமும் ஒரு படியெடுத்தல் காரணிதான். அதற்கு எந்த இடம் என்று நீங்களே குறியுங்கள்.