ஜிஸ்ட் கட்டி: நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

அப்பாவுக்கு இரைப்பையில் ஜிஸ்ட் (செரிமானப் பாதையில் வரும் ஒரு வகைப் புற்றுநோய்) கட்டி, கல்லீரலிலும் பரவியிருக்கிறது என்று தெரிந்து பதினோரு வருடம் ஆகிறது. செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் வெளியே பெஞ்சில் ஒரு புதுக் குடும்பம் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பேச்சுக் கொடுத்தால், அன்று நாங்கள் செய்ததையே இன்று அவர்கள் செய்துகொண்டிருப்பார்கள். ரிப்போர்ட்டைத் தொலைக்காதீர்கள், தேதி தவறாமல் போங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். மற்றவற்றை நான் சொல்கிறேன்.

பழைய கணக்கைப் படித்து ஒடிந்துபோவது

பத்து லட்சம் பேரில் வருடத்துக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு வரும் நோய் இது. 'பரவிவிட்டால் ஒன்றரை வருடம்' என்று எங்காவது படித்திருப்பீர்கள். அது இமாட்டினிப் என்ற மாத்திரை வருவதற்கு முந்தைய கணக்கு. 2000 மார்ச்சில் பின்லாந்தில் ஒரு பெண்ணுக்குத்தான் ஜிஸ்டுக்காக முதன்முதலில் இந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு, பரவிய நிலையிலும் ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்து வருடம் வாழ்கிறார்கள். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் 23 சதவீதம் பேர் பத்து வருடம் தாண்டுவார்கள் என்று கணக்கிட்டார்கள்.

ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்துவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பாவுக்கு இமாட்டினிப் தினம் 400 மில்லிகிராம். மூன்று வருடம் ஒழுங்காகப் போனது. காலையில் கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கும், ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். அப்போதுதான் பக்கத்துத் தெருவில் ஒருவர், "மூணு வருஷம் முடிஞ்சுது, டாக்டரே நிறுத்தச் சொல்லிட்டார்" என்றார். எங்களுக்கும் மூன்று வருடம்தானே! தங்கை கல்யாண வேலை வேறு. அடுத்த முறை டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

அந்தப் பக்கத்துத் தெருக்காரருக்குக் கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். திரும்பி வராமலிருக்கக் காவலாகக் கொடுத்த மாத்திரை அது, அதற்கு முடிவுத் தேதி உண்டு. அப்பாவுக்கோ நோய் உள்ளேயே இருந்தது. மாத்திரை அதை அடக்கி வைத்திருந்தது, அவ்வளவுதான். நான்கு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் பழைய இடங்கள் மறுபடி பெருத்திருந்தன. வீட்டுக்கு வந்து சாமி அலமாரியைத் திறந்தால், விபூதிக் கிண்ணத்துக்குப் பின்னால் பிரிக்காத மாத்திரை அட்டைகள்.

பிரான்சில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஒரு வருடம் நோய் கட்டுக்குள் இருந்தவர்களில் 32 பேருக்கு மாத்திரையை நிறுத்தினார்கள். 26 பேருக்கு நோய் வளர்ந்தது. மறுபடி தொடங்கியதும் பெரும்பாலோருக்கு அடங்கியது, ஆனால் எல்லோரும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அப்பாவுக்கும் அடங்கியது. அதை எங்கள் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். வீக்கத்துக்கும் குமட்டலுக்கும் வழி இருக்கிறது, டாக்டரிடம் வாய் திறந்து சொன்னால் போதும். சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்துப் போட்டாலே குமட்டல் குறையும்.

உங்களுடையது எந்த வகை, காவலுக்கா, அடக்கி வைக்கவா? முதல் நாளே கேளுங்கள்.

அளவை மட்டும் பார்ப்பது

ஆரம்ப மாதங்களில் சில கட்டிகள் உள்ளே செத்து, நீர்கோத்து, கொஞ்சம் பெரிதாகக்கூடத் தெரியும். சிடி ஸ்கேனில் அடர்த்தி குறைந்திருந்தால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். 'பெருசாயிடுச்சு' என்று அழுவதற்கு முன் அதைக் கேளுங்கள்.

மரபணுப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது

கட்டியின் கிட் என்ற மரபணுவில் எக்ஸான் 11 என்ற பகுதியில் மாற்றம் என்றால் இமாட்டினிப் 400 மில்லிகிராம் நன்றாகக் கேட்கும். எக்ஸான் 9 என்றால் பெரும்பாலும் 800 தேவைப்படும். வேறொரு மரபணுவில் டி842வி என்ற மாற்றம் இருந்தால் இமாட்டினிப்பால் பலனே இல்லை.

சொல்லாமல் நாட்டு மருந்து சேர்ப்பது

வேண்டாம்.

முதல் மருந்து கேட்காவிட்டால் முடிந்தது என்று நினைப்பது

சுனிட்டினிப் இருக்கிறது, அப்புறம் ரெகோராஃபெனிப், ரிப்ரெட்டினிப். அப்பா இப்போது சுனிட்டினிப்பில் இருக்கிறார். நான்கு வாரம் மருந்து, இரண்டு வாரம் ஓய்வு, அந்த ஓய்வு டாக்டரே எழுதிக் கொடுத்தது. ஓய்வின் இரண்டாவது வாரம் நாக்குக்கு ருசி திரும்பிவிடும், மீன் குழம்பு கேட்பார்.